வேலையைத் தாண்டி ஓர் அடையாளம்: அது என்ன, எப்படி உருவாகிறது?

வேலை இழந்தவரிடமும், ஓய்வு பெற்றவரிடமும், உழைத்து உழைத்து ஓய்ந்துபோனவரிடமும் எல்லோரும் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: “வேலை மட்டுமே வாழ்க்கை இல்லை.” சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்பவரும் தலையாட்டுகிறார். மறுநாள் காலையில் கண் விழித்ததும் பழைய வெறுமை அப்படியே நிற்கிறது. வேலை இல்லையென்றால் வேறு என்ன, அது எங்கிருந்து வரும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. “ஏதாவது பொழுதுபோக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்த அறிவுரை எனக்கு வருத்தம் தருகிறது. உதவ வந்தவரே அறியாமல், கேட்பவர் மீது இன்னொரு பாரத்தை ஏற்றிவிடுகிறார். ‘எனக்கு ஒரு பொழுதுபோக்கில்கூட மனம் ஒட்டவில்லையே’ என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. உளவியலாளர்களும் சமூகவியலாளர்களும் நூறாண்டுக்கும் மேலாக இந்த விஷயத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றில் முக்கியமானவை யாருக்கும் புரியக்கூடியவை. அவற்றைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## அடையாளம் என்று எதைச் சொல்கிறோம்?

‘நான் இப்படிப்பட்டவர்’ என்று நமக்குள் ஒரு சித்திரம் இருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ளவர்கள் நம்மை நடத்தும் விதம் அந்தச் சித்திரத்தை நாள்தோறும் உறுதிப்படுத்துகிறது. இதுதான் அடையாளம். அதில் தாய், ஆசிரியர், அண்ணன், மேலாளர் என நாம் ஏற்றிருக்கும் பொறுப்புகளிலிருந்து வரும் பகுதியைப் பாத்திர அடையாளம் என்பார்கள்.

மேன்ஃபோர்ட் கூன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1954-ல் இதை அறிய ஓர் எளிய சோதனையை முன்வைத்தார்கள். ஒரு வெள்ளைத் தாள்; ‘நான் யார்?’ என்று ஒரே கேள்வி. அதற்கு இருபது பதில்கள். முதலில் வந்து விழுபவை பெரும்பாலும் எல்லோருக்கும் பொருள் விளங்கும் பாத்திரங்களும் குழுக்களும்தான்: மாணவர், கணவர், இன்ன மதத்தவர். அவை தீர்ந்த பிறகுதான் ‘பொறுமை இல்லாதவன்’, ‘மகிழ்ச்சியானவன்’ போன்ற பதில்கள் தலைகாட்டுகின்றன.

நீங்களும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். எழுதிய பிறகு இன்னொரு வேலையும் செய்யுங்கள். இது அந்தச் சோதனையில் இல்லாதது, நான் சேர்ப்பது. நாளைக் காலை உங்கள் வேலை போய்விட்டால் எந்தெந்த வரிகள் பொய்யாகிவிடும் என்று பார்த்து அவற்றை அடியுங்கள். ‘கணினிப் பொறியாளர்’ உடனே அடிபடும். ‘பொறுப்பானவன்’ என்ற வரியில் பேனா சற்று நிற்கும். அந்த வரியை எழுதும்போது எந்த நிகழ்ச்சி மனத்தில் வந்தது? இரவு இரண்டு மணிக்கு அலுவலகத் தொலைபேசியை எடுத்ததா? அப்படியானால் அந்த வரியும் வேலையைச் சேர்ந்ததுதான். பார்ப்பதற்குக் குணம்போல இருக்கும் பல வரிகள் உண்மையில் வேலை கொடுத்த சான்றிதழ்கள் என்பது அப்போதுதான் தெரியவரும்.

## ஒரே பியூஸில் ஓடும் வீடு

ஒரு வீட்டில் எட்டு விளக்குகள், நான்கு மின்விசிறிகள், ஒரு மோட்டார். எல்லாவற்றையும் ஒரே பியூஸில் இணைத்திருக்கிறார்கள். மோட்டாரில் ஏதோ கோளாறு வந்து பியூஸ் போகிறது. வீடு முழுக்க இருட்டு. படுக்கையறை விளக்கில் எந்தப் பழுதும் இல்லை. அதுவும் சேர்ந்து அணைந்துவிட்டது. இணைப்புகளைத் தனித்தனியாகப் பிரித்திருந்தால் மோட்டார் மட்டும் நின்றிருக்கும். பழுது என்ன என்று பார்க்க வெளிச்சமாவது மிஞ்சியிருக்கும்.

அடையாளத்தின் நிலையும் இதுதான். பட்ரீஷியா லின்வில் என்ற உளவியலாளர் 1985-லும் 1987-லும் வெளியிட்ட ஆய்வுகளில் ‘தன்னுருவின் பன்மை’ என்ற கருத்தை விளக்கினார். ஒருவர் தன்னை எத்தனை பக்கங்கள் கொண்டவராக நினைக்கிறார், அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு கலக்காமல் இருக்கின்றன என்ற இரண்டும் சேர்ந்த அளவு அது. இந்தப் பன்மை குறைந்தவர்களுக்கு ஒரு தோல்விக்குப் பின் மனம் அதிகமாகச் சரிந்தது; ஒரு வெற்றிக்குப் பின் அதிகமாகத் துள்ளியது. இந்த இரண்டாவது செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. மேலதிகாரியின் ஒரு பாராட்டில் வாரம் முழுவதும் மிதப்பவர், அவருடைய ஒரு முகச்சுளிப்பில் வாரம் முழுவதும் மூழ்கவும் செய்வார். இரண்டும் ஒரே கம்பியில் வரும் மின்சாரம்.

பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் லின்வில் சொன்னதை ஒரே குரலில் உறுதிப்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கங்கள் பல இருந்தும் அவை தன் கைக்குள் இல்லை என்று ஒருவர் உணர்ந்தால், அந்தப் பன்மையே சுமையாகலாம். ஆகவே எண்ணிக்கையைக் கூட்டினால் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வரையறையின் இரண்டாம் பாதியான ‘கலக்காமல் இருத்தல்’தான் என் பார்வையில் மிக முக்கியமானது. ஒருவருக்கு நண்பர்கள் ஏராளம், எல்லோரும் அலுவலகத்தவர். காலையில் ஓடுகிறார், அலுவலக ஓட்டக் குழுவில். நிறையப் படிக்கிறார், நிர்வாகம், தலைமைப் பண்பு பற்றிய நூல்களை. வார இறுதியில் வகுப்புக்குப் போகிறார், பதவி உயர்வுக்காக. வெளியிலிருந்து பார்த்தால் நிறைவான வாழ்க்கை. வேலை போகும் நாளில் நண்பர் குழு, ஓட்டம், வாசிப்பு, வகுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் அணைகின்றன. அறைகள் பல இருந்தன, பியூஸ் ஒன்றுதான் இருந்தது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வேலை நம் அடையாளத்தில் ஒரு பகுதியாக இருப்பது இயல்பு. மற்றப் பகுதிகளும் அதே இணைப்பில் ஓடுவதுதான் ஆபத்து.

## மாரியன்தாலில் நடந்தது

வேலை நமக்குக் கொடுப்பது சம்பளத்தை மட்டும்தான் என்றால், சேமிப்பு இருப்பவர் வேலை போனதும் நிம்மதியாகப் படுத்துத் தூங்கலாம். அப்படி நடப்பதில்லை. ஏன் என்பதற்குப் பதில் தேட, ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்துக்கு அருகிலுள்ள மாரியன்தால் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும்.

அந்த ஊரே ஓர் ஆலையை நம்பிப் பிழைத்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியின் தொடக்கத்தில், 1929-30-ல் ஆலை மூடப்பட்டது. ஏறக்குறைய ஊர் முழுவதும் ஒரே வீச்சில் வேலை இழந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் ஸைசல் ஆகியோர் அடங்கிய இளம் ஆய்வுக்குழு அங்கே போய்ப் பழகி, கவனித்து, தான் கண்டதை 1933-ல் வெளியிட்டது.

வேலை இல்லாதவருக்கு நேரம் நிறைய இருக்கும். அதில் நிறையப் படிப்பார், சங்கங்களுக்குப் போவார் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது நேர்மாறு. ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது 1929-லிருந்து 1931-க்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒருகாலத்தில் சுறுசுறுப்பாக இயங்கிய சங்கங்களில் ஆட்கள் குறைந்தார்கள். ஆய்வாளர்கள் மறைவான ஓர் இடத்திலிருந்து, ஊரின் முக்கியத் தெருவைக் கடப்பவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், வழியில் எத்தனை முறை நிற்கிறார்கள் என்று அளந்தார்கள். ஆண்கள் மெல்ல நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெரும்பாலானவர்கள் கடிகாரம் அணிவதையே விட்டிருந்தார்கள். ஒரு நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று மணிவாரியாகக் குறிக்கச் சொன்னபோது, எழுந்ததற்கும் சாப்பிட்டதற்கும் இடையில் என்ன செய்தோம் என்றே அவர்களில் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெண்கள் வேகமாக நடந்தார்கள். அவர்களிலும் பலர் ஆலையில் வேலை பார்த்தவர்கள்தான். அவர்களும் வேலை இழந்தவர்கள்தான். ஆனால் சமையல், குழந்தைகள், துணி தைப்பது, இருக்கும் கொஞ்சத்தை வைத்து நாளை நகர்த்துவது என்று வீட்டில் அவர்களுக்காக வேலைகள் காத்திருந்தன. அவர்கள் வராவிட்டால் நின்றுபோகும் காரியங்கள் இருந்தன. அதனால் அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆலைக்குத் திரும்பிப் போகவே அவர்களும் ஆசைப்பட்டார்கள், கூலிக்காக மட்டும் அல்லாமல் அங்கே கிடைத்த சகவாசத்துக்காகவும். ஆனாலும் அவர்களுடைய நாளுக்கு ஒரு வடிவம் மிஞ்சியிருந்தது.

மாரியன்தாலின் துயரத்தில் பெரும்பங்கு பசிக்கும் வறுமைக்கும் உரியது. அதை மறந்துவிட்டு அடையாளத்தைப் பற்றி மட்டும் பேசுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். வேலையை மட்டுமா இழந்தார்கள், வருமானத்தையும் சேர்த்தே இழந்தார்கள்.

யஹோடா பிற்காலத்தில் இந்த அனுபவத்திலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். வேலையின் வெளிப்படையான பயன் கூலி. அதற்குப் பின்னால் ஐந்து மறைமுகப் பயன்கள் இருக்கின்றன: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்களோடு பழக்கம், பலரோடு சேர்ந்து எட்டும் ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், தொடர்ந்து செய்ய ஏதாவது ஒரு காரியம். இவற்றைப் பெறுவதற்காக யாரும் வேலைக்குச் சேர்வதில்லை. சேர்ந்ததும் தாமாகவே வந்துவிடுகின்றன. அதனால்தான் அவை இருக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பொழுதுபோக்கு அறிவுரை ஏன் தோற்கிறது என்பது இப்போது விளங்கும். ஐந்தையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒன்று போன இடத்தில், தனியாக உட்கார்ந்து படம் வரைவதை வைக்கிறோம். ஐந்தில் ஒன்றோ, மிஞ்சினால் இரண்டோதான் அதனால் கிடைக்கும்.

## வேலை ஏன் மற்றவற்றை விழுங்கிவிடுகிறது?

நமக்குப் பல பாத்திரங்கள் இருக்கும்போது வேலை மட்டும் ஏன் முன்வரிசையில் போய் நிற்கிறது? இதற்கு ஷெல்டன் ஸ்ட்ரைக்கர் என்ற சமூகவியலாளர் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. 1960-களின் இறுதியிலிருந்து அவர் வளர்த்தெடுத்த கோட்பாட்டில் இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். பல பாத்திரங்களில் எது முதலில் தலைதூக்குகிறது என்பது அடையாள முதன்மை. ஒரு பாத்திரத்தை விட்டுவிட்டால் எத்தனை உறவுகள், எவ்வளவு ஆழமான உறவுகள் அறுந்துபோகும் என்பது பிணைப்பு. பிணைப்பு எங்கே அதிகமோ, அங்கே முதன்மையும் அதிகம்.

புதிதாக யாரையாவது சந்திக்கும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் நம் வாயில் வருவது வேலை என்றால், நாம் சம்பளத்துக்கு அடிமை என்று பொருளல்ல. ஒரு நாளில் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள், நம்மிடம் கேள்வி கேட்பவர்கள், நாம் வராவிட்டால் தேடுபவர்கள் ஆகிய எல்லோரும் வேலையிடத்தில் இருக்கிறார்கள் என்று பொருள்.

இதனோடு டேரில் பெம் என்ற உளவியலாளரின் கருத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். நம் உள்ளம் எப்படிப்பட்டது என்பது நமக்கே எப்போதும் தெளிவாகத் தெரிவதில்லை. பல சமயங்களில் நம் செயல்களைப் பார்த்து, ‘இதைச் செய்கிறேன், அப்படியானால் நான் இப்படிப்பட்டவர்’ என்று முடிவு செய்கிறோம் என்றார் அவர். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் ஒரே காரியத்தைச் செய்தால், கிடைக்கும் முடிவும் ஒன்றாகத்தான் இருக்கும்.

சுருக்கமாக: அடையாளம் தனிமையில் யோசித்துக் கண்டெடுக்கும் பொருளல்ல. திரும்பத் திரும்பச் செய்யும் செயலும், அதை எதிர்பார்த்திருக்கும் மனிதர்களும் சேர்ந்து அதை உண்டாக்குகிறார்கள்.

## வேலையை நேசிப்பது தவறா?

தவறே இல்லை. வேலையைத் தாண்டிய அடையாளம் என்றதும் வேலையில் மனம் வைக்காமல் இருப்பது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அமெரிக்காவில் 1955-ல் வெளியான ஓர் ஆய்வில், உழைக்காமலே வசதியாக வாழும் அளவு சொத்து கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று வேலையில் இருந்த ஆண்களிடம் கேட்டார்கள். 80 சதவீதம் பேர் தொடர்ந்து வேலைக்குப் போவோம் என்றார்கள். வேலையோடு ஒட்டுதல் இருப்பது நோயல்ல.

நேசிப்பது வேறு, பணயம் வைப்பது வேறு. வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890-லேயே இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டார். ஒருவரின் தன்மதிப்பு என்பது அவர் அடைந்த வெற்றியை அவர் எதிர்பார்ப்பால் வகுத்தால் கிடைக்கும் ஈவு என்றார். தன்னையே எடுத்துக்காட்டாகவும் வைத்தார்: உளவியலில் தன்னைவிட அதிகம் தெரிந்தவர் இருந்தால் தனக்கு அவமானமாக இருக்கிறது, கிரேக்க மொழி சுத்தமாகத் தெரியாததைப் பற்றித் துளியும் கவலை இல்லை. ஏனென்றால் தன் மதிப்பை உளவியலில் பணயம் வைத்திருக்கிறார், கிரேக்கத்தில் வைக்கவில்லை.

உங்கள் நிலை என்ன என்று அறிய ஒரு வழி உண்டு. நீங்கள் எழுதிய அறிக்கையை மேலதிகாரி திருப்பி அனுப்புகிறார். மூன்றாம் பக்கத்தில் கணக்கு பிசகியிருக்கிறது என்று குறித்திருக்கிறார். அந்தக் குறிப்பை வாசிக்கும்போது ‘இந்தக் கணக்கில் பிழை’ என்று காதில் விழுகிறதா, ‘நான் பிழை’ என்று விழுகிறதா? முதலாவதாக இருந்தால் நீங்கள் வேலையை எவ்வளவு நேசித்தாலும் கவலையில்லை. எப்போதும் இரண்டாவதாகவே இருந்தால் உங்கள் முழு மதிப்பும் ஒரே இடத்தில் பணயமாக இருக்கிறது.

வேலை நேரத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் அரைகுறையானதுதான். நேரம் கிடைப்பது தேவை. ஆனால் மாரியன்தாலில் நேரத்துக்கா பஞ்சம்?

## உருவாக்கிக்கொள்வது எப்படி?

மேலே சொன்னவை சரி என்றால், தொடங்க வேண்டிய கேள்வி ‘எனக்கு என்ன பிடிக்கும்?’ என்பதல்ல. ‘நான் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று யார் கேட்பார்கள்?’ என்பதுதான். வேலைக்கு வெளியே அப்படிக் கேட்க ஓர் இடமாவது வேண்டும்.

ஒரு கணக்குத் தணிக்கையாளர், பார்வையற்ற மாணவர் ஒருவருக்குச் சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குப் பாடநூல் வாசித்துக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்ததும் அந்த மாணவர், “போன வாரம் நான்காம் பாடத்தில் பாதியில் நிறுத்தினோம்” என்கிறார். தணிக்கையாளர் கொஞ்சம் வேகமாக வாசித்தால் மேசையில் விரலால் இரண்டு முறை தட்டுகிறார். இவர் நிறுத்தி, அந்த வரியை மறுபடி வாசிக்கிறார். அந்த அறையில் இவருடைய பதவி என்ன, இந்த ஆண்டு மதிப்பீட்டில் என்ன கிடைத்தது என்பதெல்லாம் யாருக்கும் தேவையில்லை. இவர் அங்கே ‘வாசிப்பவர்’. யஹோடாவின் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: ஒழுங்கு, பழக்கம், பகிர்ந்த நோக்கம், ஓர் இடம், தொடர்செயல் எல்லாமே வாரம் ஒருமுறை வரும் இந்த ஒரு மணி நேரத்தில் சிறு அளவில் இருக்கின்றன. ஸ்ட்ரைக்கர் சொன்ன பிணைப்பும் இருக்கிறது; இவர் நின்றுவிட்டால் ஓர் உறவு அறுபடும். முக்கியமாக, இது அலுவலகத்தின் பியூஸில் ஓடவில்லை.

பாடகர் குழு, விளையாட்டுக்கு நடுவராக நிற்பது, இரத்ததான முகாமில் பெயர் பதிவது, தெருக் குழந்தைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தருவது என எதுவாகவும் இருக்கலாம். குறித்த நேரம் வேண்டும். காத்திருக்கும் மனிதர் வேண்டும். நம் மீது ஒரு சிறு பொறுப்பு வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஆசைகள் பெரும்பாலும் மூன்று வாரத்தில் ஓய்ந்துவிடும். அதற்கு மனவலிமையைக் குறை சொல்லிப் பயனில்லை.

தொடக்கத்தில் செயற்கையாகத்தான் இருக்கும். ‘நான் பாடகன் இல்லையே, நடிக்கிறேனோ?’ என்று தோன்றும். பெம் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்: செயல் முன்னால் போகும், உணர்வு பின்னால் வந்து சேரும். உணர்வு வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருப்பவருக்கு அது வருவதே இல்லை.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வேலையில் பயன்படுத்தும் அளவுகோலை இங்கே கொண்டுவராதீர்கள். ஓடத் தொடங்கியதும் நேரத்தைப் பதிந்து ஒப்பிடுவது, நன்றாகத் தைக்க வந்ததும் “இதை விற்றால் என்ன?” என்று கணக்குப் போடுவது, இரண்டும் அந்தப் புதிய இணைப்பைப் பழைய பியூஸிலேயே கொண்டுபோய்ச் செருகுகின்றன. சுமாராகச் செய்தும் வரவேற்கப்படும் ஓர் இடம் பெரியவர்களுக்கு அரிதாகத்தான் கிடைக்கிறது. அதை விற்றுவிடாதீர்கள்.

புதிதாக எதையும் தேட முடியாதவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் பாத்திரங்கள் உண்டு. தங்கை, சித்தப்பா, பள்ளித் தோழி, பக்கத்து வீட்டுக்காரர். இவை பெயரளவில் இருக்கின்றன. மின்சாரம் பாய்ந்து நாளாகிவிட்டது. மாதம் ஒருமுறை, குறித்த நாளில், அண்ணன் மகளோடு மட்டும் வெளியே போவது ‘சித்தப்பா’ என்ற சொல்லுக்கு மறுபடி உயிர் கொடுக்கும். இரண்டு வேலை பார்த்துத்தான் குடும்பம் நடக்கிறது என்ற நிலையில் இருப்பவருக்கு இதுவே பெரிது. அவருக்கு நேரமில்லாதது அவருடைய குணக்குறை அல்ல. ஓய்வு கொடுக்காத வேலைமுறையின் குறை.

## ஏற்கெனவே வேலையை விட்டு வெளியே வந்துவிட்டவர்களுக்கு

ஹெலன் ரோஸ் ஈபா என்ற சமூகவியலாளர் கன்னித்துறவியாக இருந்து வெளியே வந்தவர். முக்கியமான ஒரு பாத்திரத்தை விட்டு வந்தவர்களைப் பற்றி அவர் செய்த ஆய்வு 1988-ல் வெளியானது. மருத்துவத்தை விட்டவர்கள், மணவாழ்விலிருந்து பிரிந்தவர்கள், மதுவை விட்டவர்கள் எனப் பலரிடம் பேசினார். அவர் கண்டது: ‘முன்னாள்’ என்பதே ஒரு தனிப் பாத்திரம். ஒருபோதும் மருத்துவராக இல்லாதவரும் முன்னாள் மருத்துவரும் ஒன்றல்ல. பழைய பாத்திரத்தின் மிச்சம் கூடவே வருகிறது. உலகமும் அதை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. ஆகவே “அதை மறந்துவிடுங்கள்” என்பது நடக்காத காரியம். முப்பது ஆண்டு ஆசிரியராக இருந்தது உண்மை. அதை வைத்துக்கொண்டே அதன் பக்கத்தில் இன்னொன்றை நட வேண்டும்.

அதை நடுவதற்குச் சுற்றியிருப்பவர்களின் கையும் வேண்டும், ஏனென்றால் அடையாளத்தில் பாதி அவர்களிடம்தான் இருக்கிறது. வேலை இழந்த நண்பரைப் பார்க்கும்போதெல்லாம் “வேறு ஏதாவது கிடைத்ததா?” என்று மட்டும் கேட்டால், அணைந்துபோன அந்த ஒரே விளக்கின் கீழேயே அவரை நிறுத்துகிறோம். “ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தைகளுக்கு ஆட்டம் இருக்கிறது, நடுவர் இல்லாமல் திண்டாடுகிறோம், நீங்கள் வர முடியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர் வராவிட்டால் போன் செய்து ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.